பாலைவனம் போகிறவர்களுக்கு ஒரு பக்கத் தகவல்கூட இல்லையா?

ஆபிரிக்கக் கண்டத்தின் தென்மேற்கு மூலையில் நமீபியா என்றொரு பாலைவன நாடு இருக்கின்றது. பரப்பளவில் இலங்கையைப் போலப் பன்னிரண்டு மடங்கு பெரியது. மக்கள்தொகையோ முப்பது இலட்சம்தான். அங்கே இரண்டு வார விடுமுறையைக் கழிக்க விரும்பும் ஓர் ஆங்கிலேயருக்கோ ஜெர்மானியருக்கோ அவரவர் மொழியில் கிடைக்கும் பயணத் தகவல்களைப் படிக்கும்போது எனக்குப் பொறாமை உண்டாகின்றது.

சாலைகளில் பெரும்பகுதி சரளைக் கற்சாலை. ஆகவே மேலதிகமாக ஒரு சக்கரம் போதாது, இரண்டு எடுத்துச் செல்லுங்கள் என்கின்றன அந்நூல்கள். எரிபொருள் நிலையம் எதைக் கண்டாலும் தொட்டியை நிரப்பிவிடுங்கள். அடுத்த நிலையம் எவ்வளவு தொலைவிலோ தெரியாது. பொழுது சாய்ந்த பின் வண்டி ஓட்டாதீர்கள். குடு என்னும் பெரிய மான் குறுக்கே பாயும். பாலைவனம் என்றால் எப்போதும் வெயில் என்று எண்ணாதீர்கள். ஜூன், ஜூலை மாதங்களில் இரவு வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இறங்கும். கம்பளி உடை தேவை. சொஸ்ஸஸ்வ்லே மணற்குன்றுகளுக்குப் போகும் பாதையின் கடைசி ஐந்து கிலோமீற்றர் வெறும் மணல். சாதாரணக் கார் புதைந்துவிடும். வண்டி பழுதானால் வண்டியை விட்டு நடந்து போகாதீர்கள். புறப்படுமுன் உங்கள் வழியையும் திரும்பும் நாளையும் யாரிடமாவது சொல்லிவிட்டுச் செல்லுங்கள்.

இந்த வரிகளில் அலங்காரம் எதுவுமில்லை. ஆனால் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் யாரோ ஒருவர் பட்ட துன்பமும், அது இன்னொருவருக்கு நேரக்கூடாது என்ற அக்கறையும் இருக்கின்றன. இன்பத்துக்காகப் பாலைவனம் போகிறவனைப் பற்றி அவனுடைய சமூகம் இவ்வளவு கவலைப்படுகின்றது.

இனி நமது கரைக்கு வருவோம்.

அம்பாறை மாவட்டத்தின் கடலோரத்தில் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று வரிசையாக நிற்கும் தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்களில், பாலைவன நாடு ஒன்றின் பெயர் ஒலிக்காத வீதி கிடையாது. சவூதி, குவைத், கட்டார், டுபாய் என்பன இங்கே புவியியற் பாடத்தில் படிக்கும் பெயர்களல்ல. கல்வீட்டின் கூரையும், மகளின் சீதன வீடும், தம்பியின் படிப்பும் அந்தப் பெயர்களிலிருந்தே வருகின்றன. 2024ஆம் ஆண்டில் வெளிநாட்டிலுள்ள இலங்கையர் நாட்டுக்கு அனுப்பிய பணம் 650 கோடி டொலரைத் தாண்டியது. அந்தத் தொகையில் நம் ஊர்ப் பெண்களின் வியர்வையும் கலந்திருக்கின்றது.

இந்தப் பெண்களுக்கு, இந்த ஆண்களுக்கு, அவர்கள் வாசிக்கக்கூடிய தமிழில், அவர்கள் கைக்கு எட்டும்படியாக, போகும் நாட்டைப் பற்றிய நடைமுறைத் தகவல் எங்கே இருக்கின்றது? இதுதான் என் கேள்வி. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் ஒரு கையேட்டையும் அச்சிட்டதில்லை என்று நான் சொல்ல வரவில்லை. 1985ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த அந்நிறுவனம் பயிற்சி வகுப்புகளை நடத்துகின்றது. சலவை இயந்திரத்தை இயக்கவும் சில அரபுச் சொற்களைப் பேசவும் அங்கே கற்றுக்கொடுக்கிறார்கள். அதாவது, எசமானுக்குத் தேவையானவை கற்பிக்கப்படுகின்றன. போகிறவளுக்குத் தேவையானவை அதே அக்கறையோடு சொல்லப்படுகின்றனவா என்றுதான் கேட்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் சாய்ந்தமருதில் ஒரு தாய் என்னிடம் ஒரு கடதாசிக் கட்டை நீட்டினார். மகளின் வேலை ஒப்பந்தம். ஒரு பக்கம் அரபு, மறுபக்கம் ஆங்கிலம். "தம்பி, என்ட புள்ள போய் இறங்குற ஊருக்கு என்ன பேரு?" என்று கேட்டார். மகள் புறப்பட இன்னும் நான்கு நாட்களே இருந்தன. சவூதி என்பது மட்டும் அவருக்குத் தெரியும். அது இலங்கையைப் போல முப்பது மடங்குக்கும் மேற்பட்ட நிலப்பரப்பு என்பதோ, மகள் போகும் ஊரிலிருந்து தூதரகம் இருக்கும் ரியாதுக்கு ஒரு பகல் முழுவதும் பயணம் செய்ய வேண்டும் என்பதோ அவருக்கு யாரும் சொல்லவில்லை. நமீபியாவுக்குப் போகும் சுற்றுலாப் பயணிக்கு அடுத்த எரிபொருள் நிலையத்தின் தூரம் தெரியும். இந்தத் தாய்க்கு மகளின் ஊர்ப் பெயர் தெரியாது.

தகவல் இல்லாமையின் விலை என்ன என்பதைக் கிழக்கிலங்கைக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலையில், கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினால் உயரமான இடத்துக்கு ஓடிவிட வேண்டும் என்ற ஒரே ஒரு வரித் தகவல் நம்மிடம் இருந்திருந்தால், மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் எத்தனை ஜனாஸாக்கள் குறைந்திருக்கும்? அன்றைக்குக் கொன்றது கடல் மட்டுமா?

மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக்கை மறந்துவிட்டோமா? 1988இல் பிறந்த அந்தப் பிள்ளைக்கு 1982இல் பிறந்ததாகக் காட்டும் கடவுச்சீட்டைக் கொடுத்து, 2005இல் சவூதிக்கு அனுப்பினார்கள். வீட்டு வேலைக்கென்று போனவளின் கையில் நான்கு மாதக் குழந்தையை ஒப்படைத்தார்கள். புட்டிப்பால் ஊட்டும்போது குழந்தைக்கு மூச்சு அடைத்துவிட்டது என்றாள் அவள். கொலை என்றார்கள் அவர்கள். தகுதியான தமிழ் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் அவளிடம் வாக்குமூலம் பெறப்பட்டது. 2007இல் மரண தண்டனை தீர்ப்பாகி, 2013 ஜனவரி 9ஆம் திகதி நிறைவேற்றப்பட்டது. அப்போது நாடெங்கும் கண்ணீர், பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின, கவிதைகள் குவிந்தன. "உனக்குப் புரியாத மொழியில் எழுதப்பட்ட எந்தத் தாளிலும் கையொப்பமிடாதே, மொழிபெயர்ப்பாளரையும் தூதரக அதிகாரியையும் கேள்" என்ற இரண்டு வரிகளை அச்சிட்டு, விமான நிலையத்துக்குப் போகும் ஒவ்வொரு பெண்ணின் கையிலும் கொடுக்கும் வேலையை அந்தக் கண்ணீர் செய்ததா?

அரசாங்கம் செய்ததெல்லாம் வேலி கட்டியதுதான். 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்றைக் கொண்டுவந்து, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய் பணிப்பெண்ணாகப் போக முடியாது என்றார்கள். 2022இல் அதைத் தளர்த்தினார்கள். வேலி கட்டப்பட்ட இடத்தில் இடுக்கு உண்டாகும். அந்த இடுக்கின் பெயர் சுற்றுலா விசா. கிராம உத்தியோகத்தரிடமோ பிரதேச செயலகத்திடமோ போக வேண்டியதில்லை, பயிற்சி வேண்டியதில்லை, பதிவு வேண்டியதில்லை, விசிட் விசாவில் டுபாய்க்குப் போனால் அங்கிருந்து மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று உப முகவர் சொல்கிறார். 2022 நவம்பரில் ஓமானிலிருந்து வெளிவந்த செய்திகள் இந்த இடுக்கின் மறுமுனையில் என்ன இருக்கின்றது என்பதைக் காட்டின. சுற்றுலா விசாவில் அனுப்பப்பட்ட இலங்கைப் பெண்கள் அங்கே கைமாற்றப்பட்டிருந்தார்கள். தூதரகத்தில் பணியாற்றிய ஓர் உத்தியோகத்தரே கைதானார்.

இதிலுள்ள கொடுமையைக் கவனியுங்கள். சுற்றுலாப் பயணியின் விசாவை மட்டும் இந்தப் பெண்ணுக்குக் கொடுத்தார்கள். சுற்றுலாப் பயணிக்குக் கிடைக்கும் தகவலில் ஒரு வரியைக்கூடக் கொடுக்கவில்லை.

நம் மார்க்க மேடைகளையும் விட்டுவிட முடியாது. மஹ்ரம் இல்லாமல் பெண் பயணம் செய்யலாமா என்பது பற்றி ஜும்ஆ மேடைகளில் உரத்த குரலில் பேசப்படுகின்றது. மார்க்கச் சட்டத்தைச் சொல்வது மௌலவிமாரின் கடமை; அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் குத்பா முடிந்த மறுவாரமும் அந்தப் பெண் போகத்தான் போகிறாள். வீட்டில் அடுப்பெரிய வேறு வழியில்லை. போகிறவளுக்கு வழி சொல்வதும் மார்க்கத்தில் அடங்கியதுதானே? ஹஜ், உம்ரா வழிகாட்டி நூல்கள் நம்மிடையே தாராளமாக உண்டு. நான் புரட்டிப் பார்த்தவற்றில் ஒவ்வொரு இடத்திலும் ஓத வேண்டிய துஆ இருந்தது. எத்தனை மணிக்கு வெயிலில் இறங்கக் கூடாது, உடலில் நீர் வற்றினால் அறிகுறி என்ன என்பவை பெரும்பாலும் இல்லை. 2024 ஜூன் மாத ஹஜ்ஜின்போது மக்காவில் வெப்பநிலை 51.8 பாகையைத் தொட்டது. 1,301 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் 83 வீதத்தினர் அனுமதிப் பத்திரமின்றி வந்து, நிழலும் தங்குமிடமும் இல்லாமல் வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள் என்று சவூதி அரசு அறிவித்தது. துஆவோடு ஒரு போத்தல் தண்ணீரையும் நினைவூட்டுவது ஈமானுக்குக் குறைவாகாது.

பாலைவனத்தில் தகவல் என்றால் உயிர் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். 1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, 1352இல் சஹாராவைக் கடந்தார். தகாஸா என்ற உப்பூரிலிருந்து பத்து நாள் வழியில் தண்ணீரே கிடையாது. அந்த வழியில் வணிகக் கூட்டங்கள் தக்ஷீஃப் என்றழைக்கப்பட்ட ஒருவனை முன்னே அனுப்பும் வழக்கத்தை அவர் விவரிக்கிறார். அவன் தனியாகப் பாலையைக் கடந்து வலாத்தா நகரை அடைந்து, கூட்டம் வருகின்ற செய்தியைச் சொல்வான். நகரத்தவர் நான்கு நாள் வழி எதிர்கொண்டு வந்து தண்ணீர் தருவார்கள். அவன் வழியில் மாண்டுபோனால் பின்னால் வரும் கூட்டமே மாண்டுபோகலாம். இந்த வேலைக்கு அவர்கள் கொடுத்த கூலி நூறு பொற்காசு. முன்னே போய்ச் செய்தி சொல்கிறவனுக்கு அன்றைய வணிகர்கள் வைத்த மதிப்பு அது. இன்று ஒரு பெண்ணை அனுப்பித் தரகுப்பணம் பெறுகின்ற முகவர், செய்தி சொல்வதற்கு எத்தனை ரூபாய் செலவிடுகிறார்?

தமிழுக்கும் இது புதிதல்ல. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை. பரிசில் பெற்று வருகிறவன் எதிரே வரும் வறியவனை வழிமறித்து, நீயும் அங்கே போ என்று வழி சொல்வதுதான் அந்த இலக்கிய வகையின் அடிப்படை. மலைபடுகடாம் வழியிலுள்ள ஆபத்துகளை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கின்றது. காட்டுப்பன்றிக்கு வைத்த பொறி எங்கே, பாம்பு கிடக்கும் குழி எங்கே, தினைப்புனம் காப்போர் வீசும் கவண்கல் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்றெல்லாம் அதில் இருக்கின்றது. பொருள் தேடிப் பாலை வழியே பிரிந்து போவதற்குத் திணை வகுத்த மொழி இது. கடல் கடந்து போகும்போது பெண்ணை உடன் கொண்டுபோவதில்லை என்று தொல்காப்பியம் சொன்னது. இன்று கல்முனைக் கரையில் கணவனும் பிள்ளைகளும் வீட்டிலிருக்க, கடலும் பாலையும் கடந்து போகிறவள் மனைவி. அவளுக்கு ஓர் ஆற்றுப்படை பாட ஆளில்லை. நம் பயணக் கட்டுரையாளர்களோ, போன இடமெல்லாம் தாம் வியந்ததையும் நெகிழ்ந்ததையும் நூறு பக்கம் எழுதுவார்கள். பஸ் எத்தனை மணிக்கு என்று எழுதுவது அவர்களுக்கு இலக்கியக் குறைவு.

இதற்குச் சொல்லப்படும் மறுப்புகளை நான் அறிவேன். "எல்லாம் இணையத்தில் இருக்கின்றது, யூடியூபில் இருக்கின்றது" என்பார்கள். இருக்கின்றது. உண்மையும் பொய்யும், பத்தாண்டுக்கு முந்திய சட்டமும் நேற்று மாறிய சட்டமும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. பிரித்தெடுத்துக் கொடுப்பதற்குத்தானே பத்திரிகைகளும் நிறுவனங்களும் இருக்கின்றன? மேலும், வீட்டுக்குள் நுழைந்ததும் கைப்பேசியை வாங்கி வைத்துக்கொள்ளும் எசமானர்கள் உண்டு. மனத்தில் பதிந்த தகவலை யாரும் வாங்கி வைக்க முடியாது.

"தகவல் கொடுத்தால் இன்னும் அதிகமான பெண்கள் போவார்கள்" என்பது இரண்டாவது மறுப்பு. சாலைச் சமிக்ஞை வைத்தால் விபத்து கூடும் என்பதைப் போன்ற வாதம் இது. உண்மை நிலையை முழுமையாக அறிந்தவர்களில் சிலர் போகாமலே நின்றுவிடுவார்கள் என்பதே என் எண்ணம்.

"அவர்களுக்கு வாசிக்கத் தெரியாது" என்பது மூன்றாவது. இதைச் சொல்கிறவர்கள் கல்முனைக் கரையின் பெண்களை அறியாதவர்கள். ஒப்பந்தத்தை அவர்கள் வாசிக்காததற்குக் காரணம், அது அவர்கள் மொழியில் இல்லாததுதான். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தின் பின் தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. இலங்கை அரசின் அனுமதியோடு ஒரு தமிழ் பேசும் பெண் கையொப்பமிடும் ஒப்பந்தத்துக்குத் தமிழ்ப் பிரதி ஏன் இல்லை என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

குறை சொல்லி நிறுத்திக்கொள்வதில் பயனில்லை. அந்த ஒரு பக்கத்தில் என்ன இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால், இதோ:

குவைத்தில் 2015ஆம் ஆண்டின் 68ஆம் இலக்கச் சட்டப்படி, வீட்டுப் பணியாளரின் வேலை நேரம் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, ஆண்டுக்கு முப்பது நாள் சம்பள விடுமுறை, சேவை முடிவில் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் ஆகியன உரிமை. கடவுச்சீட்டை எசமான் பறித்து வைப்பது சட்டவிரோதம். கட்டாரில் 2017ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் வேலை நேரத்தைப் பத்து மணித்தியாலமாக வரையறுக்கின்றது. அங்கே 2021 மார்ச் முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,000 ரியால், உணவும் தங்குமிடமும் எசமான் தராவிட்டால் அவற்றுக்குத் தனிக் கொடுப்பனவு. சவூதியிலும் கடவுச்சீட்டைப் பறித்து வைக்க எசமானுக்கு உரிமையில்லை.

கட்டட வேலைக்கும் வீதி வேலைக்கும் போகும் நம் தம்பிமார் அறிய வேண்டியது: குவைத்தின் மித்ரிபாவில் 2016 ஜூலை 21ஆம் திகதி பதிவான வெப்பம் 53.9 பாகை. அந்த வெயிலில் வேலை செய்ய எவரையும் கட்டாயப்படுத்த முடியாது. திறந்த வெளி வேலைக்குக் கோடை நண்பகலில் தடை உண்டு. சவூதியில் ஜூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை நண்பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை. அதே காலப்பகுதியில் அமீரகத்தில் 12.30 முதல் 3 வரை. கட்டாரில் ஜூன் 1 முதல் செப்டெம்பர் 15 வரை காலை 10 முதல் பிற்பகல் 3.30 வரை, குவைத்தில் ஜூன் முதல் ஓகஸ்ட் முடிய காலை 11 முதல் மாலை 4 வரை. வேர்வை நின்று, தோல் சுட்டு, பேச்சுத் தடுமாறினால் அது சோர்வல்ல, உயிராபத்து. உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடலைக் குளிர்விக்க வேண்டும்.

எல்லோருக்கும் பொதுவானவை: விசிட் விசாவில் வேலைக்குப் போகாதீர்கள், பணியகத்தில் பதிவு செய்யாமல் விமானம் ஏறாதீர்கள். கடவுச்சீட்டு, விசா, ஒப்பந்தம் மூன்றினதும் பிரதியை வீட்டில் ஒருவரிடம் விட்டுச் செல்லுங்கள். எசமானின் முழுப் பெயர், ஊர், தொலைபேசி இலக்கம் ஆகியவற்றைத் தமிழில் எழுதி உம்மாவிடமோ ராத்தாவிடமோ கொடுங்கள். தூதரகத்தின் இலக்கத்தை மனப்பாடம் செய்யுங்கள். போய்ச் சேர்ந்ததும் இக்காமா எடுத்துத் தந்தார்களா என்று கேளுங்கள். அது இல்லாமல் வெளியே அகப்பட்டால் குற்றவாளி நீங்களே. ஊரில் இருப்பவர்கள், சம்பளமோ செய்தியோ நின்றுபோனால் முகவரின் சமாதானத்துக்காக மாதக்கணக்கில் காத்திருக்காமல் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.

மேலே எழுதியவை எல்லாம் சேர்ந்து ஒரு பக்கத்துக்குச் சற்றுக் கூடுதலாக வந்திருக்கின்றன. இதைச் செய்ய வெளிநாட்டு நிதியோ நிபுணர் குழுவோ வேண்டியதில்லை. சட்டம் மாறும்போது திருத்த ஒருவர், வீடு வீடாகச் சேர்க்கச் சிலர் போதும். ஒவ்வொரு பள்ளிவாசலின் அறிவித்தல் பலகையிலும், பிரதேச செயலகத்தின் வாசலிலும், கல்முனை பஸ் நிலையத்திலும் இதை ஒட்டலாம். தமிழ் நாளேடுகள் ஞாயிறுதோறும் முகவர் நிலையங்களின் விளம்பரத்துக்கு ஒதுக்கும் இடத்தில் கால்வாசியை இதற்கு ஒதுக்கலாம். ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் அரபு மொழியும் சமூகவியலும் படிக்கும் மாணவர்கள் ஒரு தவணையில் இதை நூலாக்கலாம்.

டோஹாவிலும் ரியாதிலும் குவைத்திலும் பல்லாண்டு வாழ்ந்து திரும்பியவர்களுக்கும், லண்டனிலும் டொரொன்டோவிலும் இருந்து இதை வாசிக்கும் அன்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் பட்டு அறிந்த ஒரு தகவலை, அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும், தமிழில் எழுதி வையுங்கள். எந்த ஊரில் தமிழ் தெரிந்த வைத்தியர் இருக்கிறார், எந்தக் கடையில் ஊருக்குப் பேச உதவுவார்கள், முதல் மாதத்தில் எதற்காக ஏமாந்தீர்கள் என்று எழுதுங்கள். அடுத்த விமானத்தில் ஏறப் போகும் நிந்தவூர்ப் பெண்ணுக்கு, மணற்குன்று பார்க்கப் போகும் வெள்ளைக்காரருக்குக் கிடைக்கும் அக்கறையில் பாதியாவது நாம் கடன்பட்டிருக்கிறோம்.